பச்சையும் புளிப்பும்: எலுமிச்சைக் குடும்பத்துக் குறுக்கெழுத்துக் குறிப்புகளை விடுவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

‘புளிப்பான பச்சைக் காய்’ என்ற குறிப்பைக் கண்டவுடன், கட்டங்களைக்கூட எண்ணாமல் எலுமிச்சை என்று எழுதத் தொடங்கிவிடுவோர் பலர். நானும் நெடுநாள் அப்படித்தான் எழுதி, பிறகு அழித்து, தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்திருக்கிறேன். அந்தக் குறிப்புக்கு எட்டுக் கட்டங்கள் இருந்தால் விடை எலுமிச்சங்காய், ஏழானால் நாரத்தங்காய், ஆறானால் கடாரங்காய், ஐந்தானால் தேசிக்காய். நான்குமே புளிக்கும், நான்குமே பச்சை, நான்குமே ‘காய்’ என்று முடியும். ஆகவே கடைசி இரண்டு கட்டங்களில் ‘கா’வும் ‘ய்’யும் குறுக்கே வந்து விழுந்தாலும் அவற்றால் எதுவும் தெளிவாவதில்லை. பச்சை, புளிப்பு, தோல், சாறு போன்ற சொற்கள் ஒரு பழத்துக்கு மட்டும் உரியவை அல்ல. அவை ஒரு குடும்பத்துக்கே பொதுவானவை. அந்தப் பொதுமையிலிருந்து ஒரே ஒரு சொல்லுக்கு வந்து சேரும் வழியை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: கட்டங்களை எண்ணுதல்

தமிழ்க் குறுக்கெழுத்தில் உயிர், மெய், உயிர்மெய் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கட்டத்தைப் பெறும். ‘சை’ ஒரு கட்டம், ‘ச்’ தனியாக ஒரு கட்டம். எனவே எலுமிச்சை என்பது எ, லு, மி, ச், சை என ஐந்து கட்டங்களையும், பச்சை என்பது ப, ச், சை என மூன்று கட்டங்களையும் கொள்ளும். கணினியில் எழுத்துகளை எண்ணச் சொன்னால், புள்ளியையும் கொம்பையும் சுழியையும் அது தனித்தனிக் குறியீடுகளாகக் கருதி, எலுமிச்சைக்கு ஒன்பது என்றும் பச்சைக்கு ஐந்து என்றும் காட்டக்கூடும். ஆகவே கணினியை நம்பாமல் விரலை நம்புவதே பாதுகாப்பானது.

எண்ணும்போது சொல்லின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். மரத்தையும் பழத்தையும் பொதுவாகக் குறிக்கும் ‘எலுமிச்சை’ ஐந்து கட்டங்கள், ‘எலுமிச்சங்காய்’ எட்டு, ‘எலுமிச்சம்பழம்’ ஒன்பது. நாரத்தை நான்கு, நாரத்தங்காய் ஏழு, நாரத்தம்பழம் எட்டு. எலுமிச்சங்காயும் நாரத்தம்பழமும் எட்டில் வந்து மோதுகின்றன என்பதைப் பாருங்கள். இந்த இடத்தில்தான் குறிப்பிலுள்ள நிறம் உண்மையாகவே பயன்படுகிறது: குறிப்பில் பச்சை இருந்தால் காய்க்கும், மஞ்சள் இருந்தால் பழத்துக்கும் முதலிடம் கொடுக்கலாம்.

ஆனால் அதையும் கண்மூடித்தனமாகக் கொள்ள முடியாது. இலையைப் போலவே இந்தப் பழங்களின் தோலுக்கும் பச்சையமே நிறம் தருகிறது. இரவில் குளிர்ச்சி ஏறும் இடங்களில் பச்சையம் சிதைந்து, அடியிலிருக்கும் மஞ்சளும் செம்மஞ்சளும் வெளிப்படுகின்றன. வெப்ப மண்டலத்தில் அந்தக் குளிர்ச்சி கிடைக்காததால், நன்றாகப் பழுத்த ஆரஞ்சுகூடப் பச்சைத் தோலுடனேயே இருப்பதுண்டு. மறுபுறம், எப்போதும் பச்சை என்று நாம் நினைக்கும் சிறிய எலுமிச்சையை மரத்திலேயே விட்டுவைத்தால் அது மஞ்சளாகிவிடும். குறிப்பை எழுதுபவர் இதை அறிந்தவராக இருந்தால், ‘பழுத்தும் பச்சை மாறாதது’ என்று எழுதி நான்கு கட்டங்களைக் கொடுத்திருப்பார். அதற்கு ஆரஞ்சு முற்றிலும் நியாயமான விடைதான்.

இரண்டாம் படி: குடும்பத்தை நீளவாரியாக நினைவில் வைத்தல்

இதற்கு ஒரு சிறு பயிற்சி போதும். இரண்டு கட்டங்களில் தோடையும் சுளையும் வரும். மூன்றில் கமலா. நான்கில்தான் நெரிசல் அதிகம்: ஆரஞ்சு, நாரத்தை, கிச்சிலி, கொழுஞ்சி. ஐந்தில் எலுமிச்சை, தேசிக்காய் ஆகியவற்றோடு வடமொழி வழி வந்த சம்பீரமும் நாரங்கமும் சேரும். ஆறில் சாத்துக்குடி, தோடம்பழம், கடாரங்காய், பம்பளிமாஸ். தேசிக்காயும் தோடம்பழமும் ஈழத்துத் தமிழில் அன்றாடச் சொற்கள். புதிரை அமைத்தவர் எந்த வழக்கைச் சேர்ந்தவர் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். பம்பளிமாஸ் டச்சு மொழியிலிருந்து வந்த சொல். நாரங்கம் என்ற வடசொல்லோ எதிர்த்திசையில் பயணம் செய்தது: பாரசீகத்துக்கும் அரபுக்கும் சென்று, ஐரோப்பிய மொழிகளில் நுழைந்து, ஆங்கிலத்தில் ஆரஞ்சு ஆகி, அந்த வடிவில் தமிழுக்குள் வந்து, நாரத்தைக்குப் பக்கத்துக் கட்டத்தில் அமர்ந்திருக்கிறது. ‘ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய நாரங்கம் (4)’ என்று, அடைப்புக்குறிக்குள் கட்டங்களின் எண்ணிக்கையோடு ஒரு குறிப்பு வந்தால் இனி நீங்கள் தயங்க மாட்டீர்கள்.

உறவுமுறையைச் சுட்டும் குறிப்புகளுக்குத் தாவரவியல் சிறிது உதவும். இந்தக் குடும்பத்தில் இன்று நாம் உண்ணும் பெரும்பாலான பழங்கள் பம்பளிமாஸ், கமலா வகையான மாண்டரின், தடித்த தோல் கொண்ட சிட்ரான் என்னும் மூன்று மூதாதைகளின் கலப்பில் பிறந்தவை. பம்பளிமாஸும் மாண்டரினும் கலந்ததன் வழிவந்தது ஆரஞ்சு. ஆகவே ‘ஆரஞ்சின் பெரிய மூதாதை (6)’ என்றால் பம்பளிமாஸ் என்று துணிந்து எழுதலாம்.

மூன்றாம் படி: குறுக்கே வரும் எழுத்தை இலக்கணத்தோடு படித்தல்

தமிழில் புதிர் விடுவிப்பவருக்கு வேறு பல மொழியினருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும், எதற்குப் பின் எது வரும் என்பதை நம் இலக்கணம் திட்டமாக வரையறுத்திருக்கிறது. அதைப் பள்ளியில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். புதிரின் முன் உட்காரும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

நான்கு கட்டங்கள் கொண்ட ‘புளிப்புக் கனி’யை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் கட்டத்தில் ‘ர’ கிடைத்தால் நாரத்தை, ஆரஞ்சு ஆகிய இரண்டும் பொருந்தும். கிச்சிலியும் கொழுஞ்சியும் விலகிவிடும். மூன்றாம் கட்டத்தில் ‘ஞ்’ கிடைத்தால் ஆரஞ்சும் கொழுஞ்சியும் பொருந்தும், நாரத்தை விலகும். ஆகவே இந்த நெரிசலில் ஒரே எழுத்தால் முடிவு காண வேண்டுமானால் முதல் கட்டத்தையோ கடைசிக் கட்டத்தையோ கடந்து செல்லும் சொல்லை முதலில் விடுவிக்க வேண்டும். முதலெழுத்து ஆ, நா, கி, கொ என்று நான்கும் வேறு. கடையெழுத்தும் சு, தை, லி, சி என்று நான்கும் வேறு. நடுக்கட்டத்தைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இனி எலுமிச்சை எழுதியாகிவிட்டது என்று கொள்வோம். அதன் நான்காம் கட்டத்தில் ‘ச்’ நிற்கிறது. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் செய்யாது. ஆகவே அந்தக் கட்டத்தைக் கடக்கும் மேலிருந்து கீழ்ச் சொல்லுக்கு அது முதலும் அல்ல, கடையும் அல்ல, நடுவே உள்ள எழுத்துதான். மேலும் ‘ச்’சுக்குப் பின் சகர வரிசை எழுத்தே வர முடியும். எனவே கீழேயுள்ள கட்டத்தில் ச, சா, சி, சு என்று ஏதோ ஒன்றுதான் வரும் என்பது, அந்தச் சொல்லின் குறிப்பைப் படிப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ‘ஞ்’சுக்குப் பின்னும் பெரும்பாலும் சகர வரிசைதான், ‘ங்’குக்குப் பின் ககர வரிசை. க், த், ப் ஆகியவையும் தமிழ்ச் சொற்களில் தத்தம் வரிசையையே அடுத்துப் பெறும். பக்தி, சப்தம், பத்மா போன்ற வடசொற்களில் மட்டும் இந்த ஒழுங்கு பிறழும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நம் இதழ்ப் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் ஆகியவற்றோடு வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்ற பகுதிகளும் இருப்பதுண்டு. கீழிருந்து மேலாகச் செல்லும் சொல்லில் ‘ச்’சுக்கு மேலுள்ள கட்டத்தில்தான் சகர வரிசை வரும். திசையைப் பார்க்காமல் இந்த விதியைப் பயன்படுத்தினால், சரியான இலக்கணமே தவறான எழுத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். சில புதிர்களில் ‘குழம்பியுள்ளது’ என்று, அதாவது விடையின் எழுத்துகள் இடம் மாறி நிற்கும் என்று, அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பார்கள். அந்தச் சொற்களுக்கு இந்த விதிகள் எதுவுமே பொருந்தாது.

நான்காம் படி: பச்சை என்ற சொல்லை நம்பாதிருத்தல்

இந்தக் குறிப்புகளில் மிகவும் ஏமாற்றும் சொல் பச்சைதான் என்பது என் கருத்து. இதில் எனக்கு அசைக்க முடியாத உறுதி உண்டு. நிறம் அதன் பொருள்களில் ஒன்று மட்டுமே. பச்சை அரிசியில் அது வேகாத நிலை, பச்சைத் தண்ணீரில் காய்ச்சாத நிலை, பச்சை மண்ணில் சுடாத நிலை, பச்சைக் குழந்தையில் இளமை, பச்சை உடம்பில் பிள்ளை பெற்ற தாயின் நலிவு, பச்சைப் பொய்யில் அப்பட்டம், பச்சையான பேச்சில் ஆபாசம், பச்சை குத்துவதில் தோலில் பதியும் கோலம். பச்சைக் கற்பூரம் வெள்ளையாகவே இருக்கிறது. ஆகவே குறிப்பில் பச்சை வந்தால், அது நிறமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். விடையே பச்சையாக இருந்தால், குறிப்பில் நிறம் என்ற சொல் இல்லாமலும் இருக்கலாம்.

‘வேகாத நிறம் (3)’, ‘குத்தினால் அழியாத நிறம் (3)’ ஆகிய இரண்டுக்கும் பச்சைதான் விடை. இவற்றை இருபொருள் குறிப்புகள் என்கிறோம்.

நிறமாகவே வரும்போதும் வடிவங்கள் பல. மூன்று கட்டங்களில் பசுமையும் பச்சையும் இருக்கின்றன; காதலனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் பசலையும் மூன்றுதான். பச்சையம், பச்சோந்தி, மரகதம் மூன்றும் ஐந்து. இவற்றுள் பச்சையத்துக்கும் பச்சோந்திக்கும் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றே என்பதால், மூன்றாம் கட்டம் தெரியும்வரை பொறுத்திருப்பது நல்லது. புதனுக்குரிய மணி என்று வந்தால் மரகதம். குளத்தில் படர்வது என்றால் பாசி. செய்யுள் நடையில் எழுதப்பட்ட குறிப்பாக இருந்தால் பைங்கிளி, பைங்கூழ், பைந்தளிர் என்று ‘பை’யில் தொடங்கும் வடிவங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்; அவற்றில் பசுமைதான் குறுகிப் பை ஆகியிருக்கிறது.

ஐந்தாம் படி: மறைகுறிப்பில் எல்லைக்கோட்டைக் காணுதல்

நேரடிக் குறிப்பு பொருளை மட்டும் சொல்லும். மறைகுறிப்பில் இரண்டு பகுதிகள் இருக்கும்: ஒன்று விடையின் பொருள், மற்றது விடையைக் கட்டிச் சேர்க்கும் வழி. பொருள் பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது. வாக்கியமாகப் படித்தால் அந்தக் கோடு மறைந்துவிடும். சொல் சொல்லாகப் பிரித்துப் படித்தால் வெளிப்படும். என் அனுபவத்தில், கோட்டைச் சரியான இடத்தில் போட்டுவிட்டால் விடை தானாகவே வந்து நிற்கும்.

இதை ஒரு குறிப்பில் மெதுவாகச் செய்து பார்ப்போம். ‘நுனி உடைந்த எலும்பு மீது ஆசை, கடித்தால் புளிக்கும் (5).’ படித்தவுடன் ஒரு நாய் கண்முன் வருகிறது. அந்த நாயை விரட்டிவிடுங்கள். ‘கடித்தால் புளிக்கும்’ என்பது ஒரு பொருளாக நிற்கக்கூடியது. எனவே அதற்கு முன்னால் கோடு போடுவோம். மீதியிருப்பது நுனி உடைந்த எலும்பும் ஆசையும். எலும்பு என்பதில் கடைசி எழுத்தாகிய ‘பு’வை உடைத்தால் ‘எலும்’ மிஞ்சும். ஆசைக்கு வேறு சொற்கள் அவா, விருப்பம், வேட்கை, இச்சை. எலும் + அவா என்று சேர்த்தால் எதுவும் வரவில்லை. எலும் + இச்சை என்று சேர்த்தவுடன் ‘ம்’மும் ‘இ’யும் புணர்ந்து ‘மி’ ஆகி, எலுமிச்சை முழுதாகக் கிடைக்கிறது. ஐந்து கட்டங்களும் சரி. நமது மொழியின் புணர்ச்சி இப்படிப் புதிருக்குள் வேலை செய்வதைப் பார்க்கும் மகிழ்ச்சி எனக்கு இன்றுவரை குறையவில்லை.

அதே முறையில் நாரத்தைக்கு ஒன்று: ‘பூத்தொடுக்கும் இழையோடு அப்பாவின் தங்கை சேரப் புளிப்புப் பழம் (4).’ பூத்தொடுப்பது நார், அப்பாவின் தங்கை அத்தை. நார் + அத்தை, நாரத்தை. ஆரஞ்சுக்கு ஒன்று: ‘சோழர் சூடிய பூ, பேச்சுவழக்கில் ஐந்து, பழம் ஒன்று (4).’ சேரருக்குப் பனை, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி. ஆத்தியின் மற்றொரு பெயர் ஆர். ஆர் + அஞ்சு. இதில் ‘பேச்சுவழக்கில்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் குறிப்பு அழகாக இருக்கும், ஆனால் நேர்மையாக இருக்காது. சாத்துக்குடிக்கு வழி எளியது: ‘கதவை மூடு, பருகு, இனிக்கும் பழம் (6).’ சாத்து, குடி. இடையில் வலி மிகுந்து ‘க்’ தானே வந்து சேர்கிறது.

ஒன்றுக்குள் மற்றொன்றை அடக்கும் வகையை ‘தலை ஒடிந்த குச்சியைச் சுற்றிலும் பயம், எலுமிச்சைக் குடும்பத்தில் ஒன்று (4)’ என்ற குறிப்பில் காணலாம். குச்சியின் தலை ஒடிந்தால் ‘ச்சி’. பயம் என்பது கிலி. கிலியின் இரண்டு எழுத்துகளும் இருபுறமும் நிற்க, நடுவே ‘ச்சி’ புகுந்தால் கிச்சிலி. ‘சுற்றிலும்’, ‘உள்ளே’, ‘நடுவே’, ‘விழுங்கிய’, ‘அணைத்த’ ஆகிய சொற்களைக் கண்டால் இந்த வகையை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பச்சைக்கும் அதே வகையில் ஒன்று உண்டு. ‘மரத்துக்குள் முற்றுப்பெறாத கதவு, பச்சைக் கல் (5).’ முற்றுப்பெறாத கதவு ‘கத’. அதை மரம் என்ற சொல்லுக்குள் வைத்தால் மரகதம். இதே விடைக்கு எழுத்துக் கலைப்பு முறையிலும் குறிப்பு எழுதலாம்: ‘மண்ணின் தலையும் தகரமும் உருக்குலைந்து மணியாகும் (5).’ மண்ணின் முதலெழுத்து ம. அதோடு த, க, ர, ம் சேர்ந்து இடம் மாறினால் மீண்டும் மரகதமே. உருக்குலைதல், கலைதல், சிதறுதல், குழம்புதல் போன்ற வினைகள் கலைப்பின் அடையாளங்கள்.

ஒளிந்திருக்கும் விடை பலருக்குத் தவறிப்போகிறது. ‘அம்பா சினந்தபோது உள்ளே குளத்துப் பச்சை (2)’ என்பதில் அம்பா, சினந்த ஆகிய சொற்களின் ஓரங்களைச் சேர்த்துப் படித்தால் பாசி. சொற்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை மனத்தில் அழித்துவிட்டுப் படிக்கும் பழக்கம் வந்தால்தான் இவ்வகை புலப்படும். பசுமைக்கு ‘மாடு, கண்ணுக்கு இடுவது, வயலின் வனப்பு (3)’ என்பது பசு, மை என்று உடனே பிரியும். கமலாவுக்குக் கட்டுமானமே தேவையில்லை: ‘திருமகள் பெயரில் எளிதில் உரியும் தோல் (3).’

ஆங்கிலப் புதிருக்குச் செல்வோர்க்கு

குறுக்கெழுத்து இன்றைய வடிவுக்கு முன்னோடியாக முதன்முதலில் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வெளிவந்தது. அமைத்தவர் ஆர்தர் வின். ஆங்கிலப் புதிரில் ‘பச்சைச் சிட்ரஸ்’ என்று நான்கு எழுத்துகளுக்குக் குறிப்பு வந்தால் விடை பெரும்பாலும் லைம். அந்தச் சொல்லுக்கு எலுமிச்சை, பச்சையின் ஒரு சாயல், சுண்ணாம்பு, லிண்டன் மரம் என்று நான்கு பொருள்கள் இருப்பதாலேயே புதிர் அமைப்போர் அதை விரும்புகிறார்கள். பழைய நாடக அரங்குகளில் சுண்ணாம்புக் கட்டியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி உண்டாக்கிய ஒளிதான் லைம்லைட் என்பதால், மேடை வெளிச்சம் பற்றிய குறிப்பும் அதே விடைக்குக் கொண்டுசெல்லலாம். அதன் எழுத்துகள் கலைந்தால் தூரத்தை அளக்கும் மைல். லெமனின் எழுத்துகள் கலைந்தால் மெலன், அதாவது முலாம்பழம்; கிரீனின் எழுத்துகள் கலைந்தால், இலக்கிய வகையைக் குறிக்கும் ஷான்ர. நான்கு எழுத்தில் லைம் பொருந்தாவிட்டால் ஜமைக்காவின் அக்லி, ஜப்பானியரின் யூசு ஆகிய பழங்களை முயன்று பார்க்கலாம். கிரீன் என்பதற்கு அனுபவமற்றவர், பொறாமை கொண்டவர், கோல்ஃப் ஆட்டத்தின் புல்தரை என்ற பொருள்களும் உண்டு. நம் பச்சைக்கும் அதற்கும் இளமை என்ற பொருள் ஓரளவு பொதுவானது, மற்றவை பொதுவல்ல. லைம், லெமன் இரண்டையும் தமிழில் எலுமிச்சை என்றே சொல்லிவிடுகிறோம் என்பதால், தமிழில் சிந்தித்துக்கொண்டு ஆங்கிலப் புதிரை விடுவிப்பவர் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்.

கடைசிப் படி: மையால் எழுதுவதற்கு முன்

விடை கட்டத்தில் பொருந்திவிட்டது என்பதால் மட்டும் அதை உறுதி செய்துவிடக் கூடாது. குறிப்பிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு, அது விடைக்கு என்ன தருகிறது என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ஒருமுறை, மூன்றாம் கட்டத்தில் ‘ஞ்’ கிடைத்த துணிவில் ஆரஞ்சு என்று எழுதிவிட்டேன். குறிப்பில் ‘ஏழு குறைந்து’ என்ற தொடருக்கு என்னால் எந்த வேலையும் காட்ட முடியவில்லை; இருந்தும் பொருட்படுத்தாமல் கடந்துவிட்டேன். கீழே வந்த மூன்று சொற்கள் நின்றுபோயின. பிறகு திரும்பி வந்து அந்தத் தொடரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, அது குறைந்து நின்ற ‘ழு’ என்றும், ‘கொஞ்சி’ என்ற சொல்லுக்கு நடுவே அதை வைத்தால் கொழுஞ்சி என்றும் தெரிந்தது. ஆ, ர, சு மூன்றையும் அழித்தேன்; ‘ஞ்’ மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.